பத்தியம் முடிந்த பிறகும்

எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பதினான்கு வயது. எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, நெய் வாசனையே ஆகாது என்று பத்தியம் போட்டார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தார்கள். கண்ணில் இருந்த மஞ்சள் மெல்ல இறங்கியது. பத்தியம் முடிந்தது என்று அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, முறுகலாகத் தோசை சுட்டு, மேலே நெய் விட்டுத் தட்டில் வைத்தாள். நான் நெய் படாத ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு எழுந்து போனேன்.

ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஆனால் பத்தியம் முடிவதற்கு முன்பே, நோயில் கிடந்து எழுந்து பள்ளிக்கூடம் போன முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "ஏய், எப்படிடி இப்படி ஆயிட்டே! சூப்பரா இருக்கே!" என்றார்கள். விளையாட்டு டீச்சர் என் இடுப்பைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, "இதை அப்படியே மெயின்டெயின் பண்ணு" என்றார். சுடிதார் தைக்க அளவு எடுத்த டெய்லர் அக்கா பழைய அளவைக் காட்டிச் சிரித்தாள். அன்னூரிலிருந்து என்னைப் பார்க்க வந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாசலிலேயே நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பத்தான் அம்மணி பாக்கறதுக்கு லட்சணமா இருக்கறா. முன்னெல்லாம் பூசுனாப்ல இருந்தா."

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட யாரும் என்னை இப்படிப் பாராட்டியதில்லை. ஈரல் கெட்டு, வாந்தி எடுத்து, நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடந்து எழுந்த ஒரு பிள்ளையைப் பார்த்து, அந்த நோய் உனக்கு நல்லது செய்துவிட்டது என்று ஊரே சொன்னது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

அதன்பிறகு பத்தியத்தை நான் விடவில்லை. நெய் போனது, எண்ணெய் போனது, ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எதையாவது தள்ளிக்கொண்டே வந்தேன். நான் என்னென்ன தந்திரம் செய்தேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். படித்துவிட்டு யாராவது ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளக்கூடும். வெள்ளிக்கிழமை விரதம், கிருத்திகை விரதம், சஷ்டி விரதம் என்று காலண்டரில் இருந்த விரதமெல்லாம் என்னுடையதாயிற்று. சாமி பெயரைச் சொன்னால் எந்த வீட்டிலும் கேள்வி கேட்கமாட்டார்கள். எங்கள் தெருவில் இருந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "அவளப் பாரு, இந்த வயசுல எத்தனை பக்தி, எத்தனை கட்டுப்பாடு" என்றார்கள். அத்தை ஒருபடி மேலே போய், "இப்படி வெரதம் இருக்கற புள்ளைக்கு நல்ல எடத்துல அமையும்" என்று ஆசீர்வாதம் செய்தார்.

மார்கழி வந்தது. கோயமுத்தூரில் அந்தக் காலத்துக் குளிர் குளிர்தான். ஆனால் மத்தியான வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மாதவிலக்கு நின்றுபோயிற்று. படிப்பு மட்டும் நிற்கவில்லை. விடியற்காலையில் எழுந்து மொட்டை மாடியில் நடந்துகொண்டே பாடம் படிப்பேன். உட்கார்ந்து படித்தால் ஏதோ தப்புச் செய்வதுபோல இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்கு முதுகு தேய்த்துவிட வந்தாள். நான் வேண்டாம் என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை. கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதுகெலும்பு முண்டு முண்டாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல மெல்லிய பூனைமுடி முளைத்திருந்தது.

"என்னங் கண்ணு இது?" என்றாள். நான் துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா காந்திபுரம் பக்கம் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் கருகிப்போனால் விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அம்மா அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். எனக்குக் கீழே ஒரு தங்கை. நாலு பேர்தான். யாரும் யாரையும் கொடுமை செய்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் எங்கள் வீட்டில் யார் குற்றவாளி என்று தேடினார்கள்.

முதலில் போனது எங்கள் வழக்கமான டாக்டரிடம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் நார்மல் என்றார். டானிக் எழுதினார்.

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மாசமானா வரவேண்டியது நின்னுபோச்சுங்க. சோறே எறங்கறதில்லீங்க."

"காமாலை வந்த உடம்பும்மா. தானா சரியாயிரும். இல்லாட்டி காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சுப்போடுங்க, எல்லாஞ் சரியாயிரும்."

பதினைந்துகூட ஆகாத பிள்ளைக்குக் கல்யாணம் மருந்தாம். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தவர்தான். ஆனால் ஒரு பெண்பிள்ளை கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கும்போது, அவருக்குத் தோன்றிய மருந்து தாலிதான்.

அடுத்துப் போனது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த மூத்த டாக்டரிடம். அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவின் தோளில் தொங்கிய ஆபீஸ் பையைப் பார்த்தார்.

"வேலைக்குப் போறீங்களா?"

"ஆமாங்க."

"அதான். உங்க கவனம் பத்தலை. கவனத்தை இழுக்கறதுக்குப் பொண்ணு பண்ற அடம் இது."

பிறகு நான் யாருடன் தூங்குகிறேன், எனக்கு யார் தலை பின்னிவிடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டார். அம்மாதான் பின்னிவிடுகிறாள் என்றதும், "ரொம்பப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கீங்க. பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றார். கவனம் போதவில்லை என்று சொன்ன அதே வாய், காப்பி ஆறுவதற்குள் கவனம் அதிகம் என்றது. இரண்டில் எதுவாக இருந்தாலும் குற்றம் அம்மாவுடையது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அட்மிட் பண்ணிருங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் பார்க்க வரக்கூடாது. எடை ஏறினா, அதுக்குப் பரிசா ஒருநாள் பார்க்க விடுவோம்" என்றார் டாக்டர்.

அம்மா எழுந்து நின்றாள். அதுவரை அதிகாரி முன்னால் குரல் உயர்த்திப் பேசியறியாதவள். "எம் புள்ளைக்கு நோவுங்க. நோவு வந்த புள்ளைகிட்ட இருந்து என்னையத் தள்ளி வெச்சா அவளுக்கு எப்பிடீங்க கொணமாகும்?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வராந்தாவில் அப்பா, "பெரிய டாக்டருகிட்ட இப்படிப் பேசிப்போட்டு வந்துட்டயே அம்மணி" என்றார்.

"பேசாம வந்திருந்தாத்தானுங்க தப்பு" என்றாள் அம்மா.

அம்மாவுடன் வேலை செய்த ஒரு பெண்தான் ஆர்.எஸ்.புரத்தில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னாள். மனநல டாக்டர். அப்பாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. மனநல டாக்டரிடம் போனாள் என்று சொந்தபந்தத்துக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள் என்று கேட்டார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "நாளைக்கு அவ இருந்தாத்தானுங்க எடுக்கறதுக்கு."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஸ்கூட்டரில் எல்லோரும் போக முடியாது என்று ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார்.

மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை, தெற்கத்திக்காரர். தங்கையையும் உள்ளே வரச் சொன்னார். என்னை எடை பார்த்தார். படுக்கவைத்து நாடி பார்த்தார், நிற்கவைத்து மறுபடி பார்த்தார். கை விரல்கள் நீலம் பாய்ந்திருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார்.

"இவளுக்கு வந்திருக்கிறது ஒரு நோய். அடம் இல்லை, பக்தி இல்லை, அழகு பார்க்கிறதும் இல்லை. அதுல ஆரம்பிச்சிருக்கலாம். இப்போ அதைத் தாண்டியாச்சு. அவளா நிறுத்தணும்னு நினைச்சாலும் நிறுத்த முடியாது."

அம்மா கேட்டாள்: "நாங்க என்னங்க தப்புப் பண்ணினோம்?"

"பாம்பு கடிச்ச பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, அது எந்தப் பொந்துல இருந்து வந்துச்சுன்னு தேடுவீங்களாம்மா? நீங்க தப்புப் பண்ணினதா நான் நினைக்கலை. அதைத் தேட எனக்கு இப்போ நேரமும் இல்லை."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒரு ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார் என்பது இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

மருந்து என்ன என்று அப்பா கேட்டார். சாப்பாடுதான் மருந்து என்றார் டாக்டரம்மா. என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்பதை இனிமேல் கொஞ்சக் காலத்துக்கு நான் முடிவு செய்யக்கூடாது, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்றார். வேளாவேளைக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழாமல் இருக்க வேண்டும். மாடி நடை கூடாது. விரதம் கூடாது.

"வாரத்துக்கு ஒரு மணி நேரம் நான் இவளைப் பார்ப்பேன். மத்த நேரமெல்லாம் உங்ககிட்டதான் இருக்கா. காமாலைக்குப் பத்தியம் போட்டு எழுப்பினது நீங்கதானே? இதுல இருந்தும் நீங்கதான் எழுப்பணும். நாடி இதுக்கு மேல இறங்கினா, மயக்கம் வந்தா, யோசிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடணும். ஆனா அங்கேயும் நீங்க கூடவே இருப்பீங்க. சீக்கிரம் வந்துட்டீங்க. அதனாலதான் வீட்லயே வச்சுப் பார்க்கலாம்னு தைரியமாச் சொல்றேன்."

தங்கையின் பக்கம் திரும்பி, "நீ அக்காவை அதட்ட வேண்டாம், சாப்பிடச் சொல்ல வேண்டாம். சாப்பிட்டு முடிச்ச உடனே அவகூட விளையாடு. அவ அழுதாலும் விளையாடு. அதுதான் உன் வேலை" என்றார்.

சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று அவர் சொன்னது அம்மாவுக்குத்தான் சேர வேண்டும். யாரும் நோய் என்று ஒப்புக்கொள்ளாத ஒன்றை நோய் என்று அவள் மட்டும் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டு அலைந்தாள். அவள் அலையாமல் டானிக் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தால் நான் இதை எழுத இருந்திருக்கமாட்டேன்.

ஆனால் அன்றைக்கு நான் அந்த டாக்டரம்மாவை வெறுத்தேன். படியிறங்கும்போது, "இந்தப் பொம்பளைகிட்ட இனி வரமாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கையை விடவில்லை.

அடுத்த முறை போகும்போது எனக்கு என்ன சாப்பாடு தேவை என்று அம்மா அப்பாவுக்குத் தோன்றுகிறதோ அதைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அம்மா கேரியரில் அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கிய சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், கெட்டித் தயிர், ஒரு சின்னக் கிண்ணத்தில் நெய் எல்லாம் எடுத்து வந்தாள். கிளினிக் தரையில் பேப்பர் விரித்துத் தட்டு வைத்தார்கள். எல்லோருக்கும் பரிமாறினாள். கடைசியில் என் தட்டில் சோற்றின்மேல் நெய்யை ஊற்றினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் சுவரோரமாகப் பின்னுக்கு நகர்ந்தேன்.

"எனக்கு வேண்டாம்."

"ரெண்டு வாய் சாப்புடு கண்ணு" என்றார் அப்பா.

"முடியாதுங்கப்பா."

அப்பா இளகிவிட்டார். எப்போதும் அப்படித்தான். "சரி, நெய்ச்சோறு வேண்டாம். தயிர் மட்டும் சித்தெ குடிச்சிக்கறயா சாமி?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "ஐயா, இப்போ நீங்க பேரம் பேசறது உங்க மகள்கிட்டயா, நோய்கிட்டயா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்தாள்.

"அம்மா போட்டதத்தான் சாப்புடோணும்" என்றார் அப்பா. என் வாழ்நாளில் அவர் எனக்குச் சொன்ன முதல் கட்டளை அதுதான்.

நான் கத்தினேன். அவர்களைக் கொலைகாரர்கள் என்றேன். என்னைப் பெற்றதற்கு வேறு ஏதாவது செய்திருக்கலாம் என்றேன். வாயில் வரக்கூடாத சொல்லெல்லாம் வந்தது. தட்டைத் தள்ளியதில் சோறு பேப்பரில் சிதறியது. தங்கை ஓவென்று அழுதாள். அம்மா சிதறிய சோற்றை வழித்து ஒதுக்கிவிட்டு, கேரியரிலிருந்து வேறு சோறு எடுத்து, மறுபடி நெய் விட்டுப் பிசைந்தாள்.

"நீ என்ன வேணும்னாலும் பேசு கண்ணு. நாங்க கேட்டுக்கறம். ஆனா எந்திரிக்க மாட்டம்."

வெளியே காத்திருந்த நோயாளிகள் கதவை எட்டிப் பார்த்தார்கள். சோறு ஆறிப்போனது. தங்கை அழுது ஓய்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் நான் ஒரு வாய் வாங்கினேன். கண்ணீரும் மூக்குச்சளியும் சோறும் ஒன்றாக இறங்கியது. பிறகு இன்னொரு வாய். போதும் என்றேன். அம்மா இன்னும் ஒரு வாய் என்றாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

"இவ போதும்னு சொன்ன இடத்துக்கு மேல ஒரு வாய் போயிருக்கு. இன்னிக்கு அது பெரிய விஷயம்" என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து எங்கள் வீடு போர்க்களமாயிற்று. காலையில் அம்மா, மத்தியானம் அப்பா, ராத்திரி இரண்டு பேரும். இடையிடையே பால், கடலை மிட்டாய், வாழைப்பழம். ஒவ்வொன்றுக்கும் அழுகை. சாப்பிட்ட கை கழுவியதும் தங்கை சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்காருவாள். என் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருக்கும், அவள், "அக்கா, உன் முறை" என்பாள். அவளுக்குப் பதினொரு வயது. அந்த வருடம் அவள் என்ன படித்தாள், என்ன விளையாடினாள், யாருடன் சண்டை போட்டாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளிடமும் யாரும் கேட்கவில்லை.

அம்மா சம்பளமில்லா லீவு கேட்டாள். அதிகாரி விண்ணப்பத்தைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாராம்.

"பொண்ணுக்குச் சோறு ஊட்ட லீவா? கைக்கொழந்தையா அது?"

"டைபாய்டுன்னு எழுதியிருந்தாக் குடுத்திருப்பீங்களாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அதுக்கென்ன, குடுக்கலாம்."

"இது அதைய விடப் பெரிய நோவுங்க. பேரு உங்களுக்குத் தெரியிலீன்னா அது என்ற புள்ளை தப்பில்லீங்க."

லீவு கிடைத்தது. ஆனால் அடுத்து வந்த பதவி உயர்வு அவளுக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. குடும்பக் கவலை உள்ள பெண்களால் பொறுப்பை ஏற்க முடியாது என்று அந்த அதிகாரி யாரிடமோ சொன்னது காதுக்கு வந்தது. மகளைச் சாகவிடாமல் பிடித்து நிறுத்தியதைவிடப் பெரிய பொறுப்பு அந்த ஆபீசில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதைவிட மோசம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா கேரியருடன் வர அனுமதி கேட்டார். பெண்கள் பள்ளி, ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்றார் தலைமை ஆசிரியை. அலுவலக அறையிலாவது உட்காருகிறோம் என்று அப்பா கெஞ்சினார்.

"இது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இல்லை. மத்த பிள்ளைங்களும் பார்த்துட்டு இதே மாதிரி ஆரம்பிச்சா யார் பொறுப்பு?"

ஆகவே நாங்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அப்பா கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வருவார். சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவர் விரலில் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசனை போகாது. ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்கள். உள்ளேயிருந்து பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்பா அவர்களுக்கு முதுகைக் காட்டி, என்னை மறைத்தாற்போல உட்காருவார். கடைக்கு வந்த மோட்டார், எந்த ஊர்க் கிணற்றில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். சோற்றைப் பற்றி மட்டும் பேசமாட்டார். நான் நிறுத்தினால், "ம், சாப்புடு" என்பார். அவ்வளவுதான்.

அதே பள்ளிக்கூடத்தில்தான், நான் விரதம் இருந்து ஒட்டிப்போயிருந்த நாட்களில், காலைப் பிரார்த்தனையில் என்னை எழுப்பி நிறுத்தி, ஒழுக்கத்துக்கு உதாரணம் என்று கை தட்டச் சொன்னார்கள். சாப்பிடாமல் இருந்தவரைக்கும் எனக்கு மேடையில் இடம் இருந்தது. சாப்பிட ஆரம்பித்ததும் கேட்டுக்கு வெளியே போகச் சொன்னார்கள்.

மாசி மாதம் ஒருநாள் அத்தை வந்தார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம். நான் தட்டைப் பார்த்து அழுதுகொண்டிருப்பதைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாங்கெல்லாம் கம்மங்கூழு கெடைக்காதான்னு கெடந்தோம். இவளுக்கு நெய்ச்சோறு எறங்கலயாமா? ரெண்டு அறை விட்டா தானா எறங்கும். அதுவும் எதுக்கு இத்தனை கொட்டறீங்க? நல்லா இருந்த ஒடம்ப மறுபடியும் குண்டாக்கிப்போட்டா யாரு கட்டுவா?"

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். சாப்பிடாததற்கு அடிக்க வேண்டும், சாப்பிட்டாலும் குற்றம். எனக்கு அந்த வார்த்தைகள் தேன்போல இருந்தன. பார்த்தீர்களா, அத்தையே சொல்கிறார் என்று தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அம்மா வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்தார். அக்காவின் முன்னால் நிமிர்ந்து நின்று பேசியறியாதவர் அவர்.

"அக்கா, இவ தட்டுக்கு முன்னால இவ ஒடம்பப் பத்தி ஒரு வார்த்தை பேசறதா இருந்தா நம்ம ஊட்டுக்கு வாராதீங்க."

"என்னையவா வராதேங்கறே?"

"ஆமாங்க. உங்களையத்தான்."

அத்தை கொண்டுவந்த பையைக்கூடத் திறக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். நெடுநாள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சொந்தபந்தமெல்லாம் அப்பாவைத்தான் திட்டியது. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கூடப்பிறந்தவளை விரட்டிவிட்டான் என்றார்கள். அன்றைக்கு அத்தை போனதும் அப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சோறு ஆறியிருந்தது. அம்மா வேறு சோறு போட்டாள்.

எல்லாம் நேராகப் போகவில்லை. எடை ஏறுவதும் நிற்பதுமாக இருந்தது. ஒருமுறை அப்பாவும் அம்மாவும் களைத்துப்போய், ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்து, ஒரு வாரம் என்னைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அந்த வாரமே எடை இறங்கியது. டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. "ரெண்டு பேரும் தூங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

பிறகு ஒருநாள் கை நீலம் போயிருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி வைத்தது எப்போது என்று நினைவில்லை. விலக்கு மறுபடி வந்த அன்று அம்மா குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அழுது, உடனே சிரித்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகிறது என்று நான் கத்தும்படி செய்தாள். டாக்டரம்மா ஒவ்வொரு வேளையாக எனக்குத் திருப்பிக் கொடுத்தார். முதலில் சாயந்திரப் பலகாரத்தை நானே முடிவு செய்யலாம் என்றார். அதற்கப்புறம் காலைச் சாப்பாடு. பத்தாம் வகுப்புத் தொடங்கியபோது வேப்பமரத்தடிக்கு அப்பா வரவில்லை. நான் உள்ளேயே மற்றவர்களோடு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். தயிர்ச்சோற்றில் மாவடு வைத்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் அதைக் கேட்டாள். கொடுக்கவில்லை.

பின்னாளில், பெற்றோரே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைக்கும் இந்த முறையைச் சிலர் குறை சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளையின் சுதந்திரத்தைப் பறிப்பது, வற்புறுத்துவது என்றார்கள். அந்தக் காலத்தில் எனக்கு என்ன சுதந்திரம் இருந்தது என்று அவர்களிடம் கேட்கத் தோன்றும். ஒரு தோசையில் நெய் படாத ஓரத்தைத் தேடிப் பிய்த்ததா சுதந்திரம்? மெலிந்தால் லட்சணம், பட்டினி கிடந்தால் பக்தி, கொஞ்சம் அதிகமாகத் தின்றால் அடங்காப்பிடாரி என்று ஒரு பிள்ளையை ஊரே சேர்ந்து வற்புறுத்தும்போது இவர்கள் எங்கே இருந்தார்கள்? என் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்தார்கள். வலித்தது. வலிக்கும்படிதான் இழுக்க முடிந்தது.

ஒருமுறை அம்மாவிடம், அப்போது என்மேல் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். "வராம என்ன, வந்துச்சு. உம் மேல வந்ததையெல்லாம் எடுத்து அந்த ஆபீசரு மேல போட்டுட்டேன்" என்றாள்.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் வால்பாறைக்குப் போனோம். மாமா அங்கே ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலையாக இருந்தார். பொள்ளாச்சியில் பஸ் மாறி ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் தங்கை ஜன்னலில் தலையை வைத்து வாந்தி எடுத்தாள். பாதி மலையில் டீக்கடை ஒன்றில் பஸ் நின்றது. வெளியே எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, பசிக்குதுங்க" என்றேன்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "என்ன கண்ணு?" என்றார். திரும்பச் சொன்னேன். அவர் பஸ் படியில் தடுக்கி விழாத குறையாக இறங்கி ஓடினார். பஜ்ஜி, வேர்க்கடலை, பன், வாழைப்பழம் என்று கை கொள்ளாமல் வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் கொட்டினார். நான் பஜ்ஜியைத் தின்ன ஆரம்பித்தேன். கையெல்லாம் எண்ணெய். நாக்குச் சுட்டது. அடுத்ததை எடுத்தேன்.

பக்கத்து சீட்டில் நல்ல பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், அம்மாவின் பக்கம் சாய்ந்து, அன்போடுதான் சொன்னார்:

"வயசுப்புள்ளையிங்க. இத்தனை எண்ணெய்ப் பலகாரம் தின்னா ஒடம்பு ஊதிப்போயிருமுங்க. சித்தெ கண்டிச்சு வையுங்க."

அம்மா முழுசாகத் திரும்பினாள். கோயிலில்கூட வரிசையில் யாராவது முந்தினால் ஒதுங்கி நிற்கிறவள், பஸ் முழுவதும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஏனுங்க, உங்க ஊட்டு எண்ணெயிங்களா?"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா தன் கையில் இருந்த பஜ்ஜியையும் என் மடியில் வைத்துவிட்டு, தங்கைக்கு முகம் கழுவத் தண்ணீர் கேட்க இறங்கிப் போனாள்.